தினமும் சாப்பிடுகிறேன்

ஜனவரி 8

அன்புள்ள சோடாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே வேண்டாம், உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. போன கடிதத்தில் எழுத்தெல்லாம் ஏன் நொண்டுகிறது? கடைசி வரியில் "மணிக்கட்டு லேசாக வலிக்கிறது" என்று ஒளித்து எழுதியிருக்கிறாய். லேசான வலியை நீ எழுதுகிற ஆளா? நான் வளர்த்த பிள்ளையடா நீ.

நாள் பூராவும் கண்ணாடி வெட்டுகிற கை. எலும்புக்குச் சத்து வேண்டாமா? என் கால்சியம் மாத்திரையில் ஒரு டப்பாவைப் பார்சலில் போட்டிருக்கிறேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் செய்தபோது தைராய்டோடு சேர்ந்து, ரத்தத்தில் கால்சியத்தைக் காவல் காக்கிற பொடிச் சுரப்பிகளும் போய்விட்டன இல்லையா, ஆயுசுக்கும் இந்த மாத்திரைதான் அவற்றுக்குப் பதில். விட்டால் உயிருக்கே ஆபத்து என்று என் டாக்டர் ஒவ்வொரு தடவையும் மிரட்டுவார். என்னையே நிற்கவைக்கிற மாத்திரை உன் கையை நிமிர்த்தாதா?

அந்த ஆபரேஷனில் போன குரல் இன்னும் திரும்பவில்லை. பேசினால் காற்றுதான் வருகிறது. போன் செய்தால் எதிரில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். வகுப்பிலிருந்து என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சத்தமே போடாத நூலகர் கிடைத்தாள் என்று தலைமையாசிரியருக்கு ஏகக் குஷி. மாமா அணைக்கட்டு வேலையில்தான். மாதம் ஒருமுறை வந்து அழுக்குத் துணியை இறக்கிவிட்டுப் போகிறார்.

மாத்திரை சாப்பிட்டாயா என்பதை அடுத்த கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வரி: சாப்பிடுகிறேன். தினமும் சாப்பிடுகிறேன். போதுமா?

நான் நலம். வலது மணிக்கட்டுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. கட்டரால் கண்ணாடியில் கோடு கீறிவிட்டு மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அது ரெண்டாகப் பிரிய வேண்டும். சுண்டும்போதுதான் வலி, சுண்டுவிரல் பக்கமாக. நேற்று ஒரு நிலைக்கண்ணாடி கோட்டை விட்டு வேறு வழியில் பிளந்துவிட்டது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார். தெருமுனை டாக்டர் சுளுக்கு என்று களிம்பு கொடுத்தார்.

உன் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வலி கொஞ்சம் தேவலை போலத்தான் இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். படியில் நிதானமாக இறங்கு.

உன் தம்பி சோடா


ஜனவரி 30

அன்புள்ள சோடாவுக்கு,

பார்த்தாயா? அக்கா சொன்னால் கேட்க வேண்டும். தேவலை என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குரல் போனபிறகு நானும் ஒரு ஆளுக்கு உபயோகமாக இருக்கிறேனே என்று இருந்தது.

இன்னொரு டப்பா அனுப்புகிறேன். எனக்குக் குறைந்துபோகுமே என்று யோசிக்காதே. நான் நடுவேளை மாத்திரையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டால் சரியாகிவிடும். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் கணக்குத் தவறாமல் மாதம் பிறந்தால்தான் தருவார், அதற்குத்தான் சொல்கிறேன்.

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். திட்டாதே.

போன செவ்வாய்க்கிழமை விடிந்தபோது வலது மணிக்கட்டு வீங்கிச் சிவந்து கொதித்தது. போர்வை பட்டால் உயிர் போகிறது. ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கிறது, கீறித் திறக்க வேண்டும் என்றார். ரத்தப் பரிசோதனையில் சீழுக்கான அடையாளம் எதுவும் இல்லை. மூட்டுவாதம் தருகிற யூரிக் அமிலமும் சாதாரண அளவுதான். அப்புறம் எலும்பு டாக்டரம்மா ஒருவர் வந்தார். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "கைய கொஞ்சம் சாய்ச்சு வைங்க" என்று திருப்பி இன்னொன்று எடுத்தார். சுண்டுவிரல் பக்கம், பட்டாணி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்குமே, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. தசைநாருக்குள் கால்சியம் படிந்திருக்கிறதாம். அதுதான் வலி. கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வலி மாத்திரை, ஐஸ். கை வலிக்கிறது, மீதி பிறகு. நீ நலமா?

சோடா


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

கால்சியமா? நன்றாகக் கேட்டாயா? டாக்டர் கால்சியம் என்றுதான் சொன்னாரா? நீ ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை சாப்பிட்டாய்? இரண்டுதானா, சீக்கிரம் குணமாகட்டும் என்று கூடப் போட்டாயா? ரெண்டாவது டப்பாவும் தீர்ந்துவிட்டதா? இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் எழுது. இந்த நிமிஷமே நிறுத்து. மிச்சம் இருப்பதைக் குப்பையில் கொட்டு.

என் கையாலேயே கட்டி அனுப்பினேனே. வலிக்கிற கைக்குள் சுண்ணாம்பைக் கொண்டுபோய்த் திணித்திருக்கிறேன். எந்த டாக்டர் என்னை எழுதச் சொன்னார்? பெரிய இவள் மாதிரி காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வேறு உத்தரவு போட்டேன். உன் வேலை போனால் நான் என்ன செய்வேன்?

வீட்டில் பாலை நிறுத்திவிட்டேன். தயிரையும்தான். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அழாதே. நீ அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். மை அங்கங்கே ஊறியிருக்கிறது.

நீ சொன்னபடியே மாத்திரையை நிறுத்திவிட்டேன். கட்டி கரைய ஆரம்பித்துவிட்டது. ஆகக்கூடி நீ சொன்னது ரெண்டு தடவையும் பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

வைத்தியத்தைச் சொல்கிறேன், கேள். டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே இன்னொரு ஊசியை அந்தத் திட்டுக்குள் செலுத்தினார். உப்புநீரை உள்ளே விட்டு இழுத்து, விட்டு இழுத்து, பீச்சாங்குழல் விளையாட்டு மாதிரி. வெள்ளை வெளேரென்று பற்பசை போல வந்தது. நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று பார்த்தார், நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கரைகிற சமயத்தில்தான் வலி ஆளைக் கொல்லுமாம். வலி வந்ததே நல்லதுக்குத்தான் என்று சிரிக்கிறார். அவர் கையா வலிக்கிறது, சிரிக்கமாட்டாரா?

முதலாளி என்னை வெட்டுமேஜையிலிருந்து மாற்றிக் கல்லாவில் உட்காரவைத்திருக்கிறார். வேலை போகாது. விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் வலது கையால்தான் எழுதினேன், பார்த்தாயா?

உன் சோடா


மார்ச் 14

அன்புள்ள சோடாவுக்கு,

கரைகிறது என்ற ஒரு வார்த்தை போதும். நிறுத்தினதும் கரைந்துவிட்டது, பார். நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

இப்போது ஒன்று சொல்கிறேன், பதறாதே. எனக்கும் அதே வியாதிதான். குடும்ப வாகு போலிருக்கிறது. மூன்று வாரமாக உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. விரல்நுனி மரத்துப்போகிறது. போன வாரம் மேல்தட்டிலிருந்து புத்தகம் எடுக்கும்போது மணிக்கட்டு தானாக மடங்கி, ஒரு சிட்டிகை உப்பு எடுக்கிற மாதிரி விரலெல்லாம் குவிந்துகொண்டது. விரிக்கவே முடியவில்லை. பிள்ளைகள் நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இத்தனை வருஷம் தின்ற கால்சியம் மணிக்கட்டில் போய் உட்காராமல் வேறு எங்கே போகும்? உன் முதல் சேதி வந்த அன்றைக்கே நானும் மாத்திரையைச் சுத்தமாக நிறுத்திவிட்டேன். உனக்குக் கரைந்த மாதிரி எனக்கும் கரையும். கரைகிற சமயத்தில்தான் வலி அதிகம் என்று நீ எழுதியதைப் படித்தபிறகு தைரியமாக இருக்கிறது. எனக்கு இப்போது அதிகமாகத்தான் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர், "என்ன டீச்சரம்மா, இந்த மாசம் மாத்திர வாங்கலையே?" என்றார். டாக்டர் குறைத்துவிட்டார் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். டாக்டரிடம் போகமாட்டேன். போனால் மறுபடி அதையே கொடுப்பார். போன தடவை ஆஸ்பத்திரிக்குள் குரலோடு போனேன், வெறும் காற்றோடு வந்தேன். போதுமடா சாமி.

எழுத்து நொண்டுகிறதா? உன்னைக் கேலி செய்தேன் அல்லவா.

அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நீ எழுதிப் பத்து நாளாகிறது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

மாத்திரை டப்பாவில் மருந்துக்கடை போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. எங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. முதலாளி வேறு வழியாக லைன் கேட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா நிற்க முடியாமல் எழுதுகிறேன்.

நான் உன் மாத்திரையைச் சாப்பிடவே இல்லை. ஒன்றே ஒன்றைக் கடித்தேன். சுவரை நக்கின மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். ரெண்டு டப்பாவும் என் பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன. நீ ஆசையாக அனுப்பியதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, தினமும் சாப்பிடுகிறேன் என்று எழுதிவிட்டேன். நீ அழுதாய் என்று நிறுத்திவிட்டதாக எழுதினேன். நீ ஜெயித்த மாதிரி இருக்கட்டும் என்று, நிறுத்தினதும் கரைந்தது என்று எழுதினேன். எல்லாம் பொய். நான் மகாபாவி.

டாக்டரம்மா முதல் நாளே சொன்னார், "சாப்பிடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பால் குடிக்கலாம், எல்லாம் சாப்பிடலாம்"னு. அதை உனக்கு எழுதியிருந்தால், நீ அனுப்பியதைப் பற்றிப் பேச்சு வரும் என்று விட்டுவிட்டேன். இன்று உன் கடிதத்தை அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தி, "இது படிஞ்சதில்ல, ரத்தத்துல கால்சியம் இறங்கிப்போச்சு. வலிப்பு வரும், இதயம் நின்னுடும். உடனே ஊசி ஏத்தணும், இப்பவே ஆள அனுப்புங்க"ன்னு கத்தினார். உனக்கு இருப்பது என் வியாதி இல்லை அக்கா. நேர் எதிர்.

எடுத்துவிட்டார். இரு.

மருந்துக்கடைக்காரர் பேசினார். சொன்னேன். "ஐயோ" என்று ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார். "டீச்சரம்மா, டீச்சரம்மா"ன்னு கூப்பிட்டார். திரும்பத் தட்டினார். இன்னும் யார் யாரோ வருகிற சத்தம். உன் குரல் போயிருக்கிறது, நீ உள்ளேயிருந்து கூப்பிட்டாலும் யாருக்குக் கேட்கும்?

லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

இதைத் தபாலில் போடுகிறேன். இதைப் படிக்க நீ இருக்க வேண்டும். என்னைத் திட்டவாவது இரு.

சோடா


மார்ச் 27

தம்பிக்கு,

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் எழுதுவது. டீச்சரம்மா பிழைத்துவிட்டார் என்று மறுநாள் போனில் சொன்னேன். நீங்கள் அழுத அழுகையில் மீதி எதுவும் உங்கள் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

கதவை நானும் எதிர்க்கடை டெய்லரும் தோள் கொடுத்து உடைத்தோம். சமையலறைத் தரையில் கிடந்தார். உடம்பு விறைத்து, ரெண்டு மணிக்கட்டும் உள்ளே மடங்கி, பல் கிட்டிப்போய், வெட்டி வெட்டி இழுத்தது. ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு போனேன். நரம்பில் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினாலும் ஆபத்தாம், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரொம்ப நேரத்துக்குப் பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கண் திறந்ததும் என்னிடம் சைகையில் பேனா கேட்டார். "தம்பி கை எப்படி?" என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம்.

உங்கள்மேலும் கோபம்தான். என்மேலும்தான். டாக்டர் குறைத்துவிட்டார் என்று காட்டிய காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினவன் நான். சீட்டு எங்கே என்று கேட்க எனக்கு வாயில்லையா? டீச்சரம்மாவின் வீட்டுக்காரருக்கும் சொல்லியாயிற்று, அவரும் வந்துவிட்டார். தெம்பாக இருங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்


ஏப்ரல் 12

சோடா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். சௌக்கியம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம்.

உன் கடிதம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. படித்துவிட்டு, உன்னை நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது. அக்கா, இந்த மாத்திரை எனக்கு வேண்டாம், வாய்க்கு விளங்கவில்லை என்று சொன்னால் நான் என்ன உன்னைத் தின்றுவிடுவேனா? அப்படி என்ன என்னிடம் பயம்? மரியாதை என்று சொல்லாதே. என்னைச் சின்னக் குழந்தையாக்கி, கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்திருக்கிறாய்.

சரி, நானும் யோக்கியம் இல்லை. வலி தேவலை என்று நீ எழுதியபோது, டாக்டரால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று மிதந்தேன். அந்த மிதப்புதான் என்னைத் தரையில் தள்ளியது. என் டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்கு ரத்தத்தில் இருக்க வேண்டியது இல்லை, உனக்கு இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. பெயர் ஒன்றானால் வியாதியும் ஒன்று என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு இருபது வருஷம் பாடம் சொன்னவள்!

மாமா வேலைக்குத் திரும்பிவிட்டார். மாத்திரை வேளை தவறாமல் தினமும் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றைய எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைத் திட்டு இல்லை. டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெட்டுமேஜைக்குத் திரும்பிவிட்டேன். சின்னக் கண்ணாடிகள் மட்டும், கட்டுப்பட்டை போட்டுக்கொண்டு.

நீ என்னை எத்தனை அறை அறைந்தாலும் தகும். ஆனால் அக்கா, உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "தினமும் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே." இதே வார்த்தையைத்தானே நானும் எழுதினேன்? நல்ல கையெழுத்தில், அன்பாக, முதல் வரியிலேயே. நீயும் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதினபோது உன் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நம் ரெண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. நீ இங்கிருந்து எத்தனையோ தூரத்தில் தனியாக இருக்கிறாய். இனி நீ எழுதுவதை நான் எப்படி நம்புவது? சத்தியம் செய்தாலும் அதையும் எழுதத்தானே செய்வாய்?

கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

சோடா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை கடைக்கு ஒரு போன் வந்தது. முதலாளி எடுத்து "ஹலோ, ஹலோ" என்று நாலு தடவை கத்திவிட்டு, "எவனோ வெளையாடுறான்" என்று வைக்கப்போனார். எனக்கு என்ன தோன்றியதோ, கட்டரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் தூரத்தில் யாருக்கோ இருமல் மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் மூடி திருகித் திறக்கிற சத்தம். அப்புறம் கடக்கென்று ஒரு கடி. நீ ரிசீவரை வாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மொறுமொறுவென்று அவசரமே இல்லாமல் மென்றாய். பிறகு மடக் மடக்கென்று தண்ணீர். பிறகு ரிசீவரில் விரலால் ரெண்டு தட்டு.

நானும் ரிசீவரில் ரெண்டு தட்டுத் தட்டினேன். பேசியிருந்தால் அழுகைதான் வந்திருக்கும். வைத்தபிறகு வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலாளி, "யாருப்பா அது?" என்றார்.

"எங்க அக்கா."

"என்ன சொன்னாங்க?"

"மாத்திர சாப்டுட்டாங்களாம்" என்றேன்.

நாளைக்கும் கூப்பிடு.

உன் சோடா